கண்ணாடித் தொட்டிக்கு அம்மை

கோட்டாற்றுக் கடையில் வாங்கிய புதுக் கண்ணாடித் தொட்டியில் மீன் விட்டுச் சில வாரங்கள்தான் ஆகின்றன. இன்று காலை வெயிலில் பார்த்தால், கண்ணாடியின் உட்பக்கம் முழுக்கப் பளபளவென்று சின்னச் சின்னக் கொப்புளங்கள்.

என் மனைவி ஞானம்மாள் பயந்துவிட்டாள். "அம்மை மாதிரில்லா இருக்கு. பிள்ளைகளக் கிட்ட விடாதீங்க."

பக்கத்து வீட்டுக் கம்பவுண்டரை அழைத்து வந்தேன். பூதக்கண்ணாடி வைத்து நெடுநேரம் உற்றுப் பார்த்தார்.

"சந்தேகமே இல்ல சாரே. மீனுக்கு அம்மை. அது உரசி உரசிக் கண்ணாடியிலயும் ஒட்டியாச்சு."

"கண்ணாடிக்கு அம்மை வருமா?"

"புதுசுல்லா, தாங்காது."

மீனுக்கு உடனே அம்மை குத்த வேண்டும் என்று வீட்டுக்குப் போய் ஊசி எடுத்து வந்தார். துள்ளும் மீனை ஈரத் துண்டில் பிடித்துக்கொண்டு, எங்கே குத்துவார் என்று நான் கலங்கி நின்றேன்.

பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்த ஞானம்மாள் கத்தினாள்: "இஞ்ச பாருங்க, ஒரு கொப்புளம் நடக்கு!"

நத்தைக் குஞ்சு! மீனுக்காகத் தொட்டியில் போட்ட குளத்துப் பாசியோடு வந்த நத்தை கண்ணாடியெங்கும் முட்டையிட்டிருக்கிறது. அவசரமாக மீனைத் தண்ணீரில் விட்டேன்.

கம்பவுண்டர் முகம் மாறவே இல்லை. ஊசியைத் துடைத்துப் பையில் வைத்தார்.

"நடக்கத் தொடங்கியாச்சா? அப்போ அம்மை இறங்கியாச்சு சாரே."

வாத்து வளர்ப்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். தீனிக்கு நத்தை நிறைய இருக்கிறது.