விளக்கு வைப்பதற்குள் திரும்பும் தூரம்

"உங்களுக்குக் குலதெய்வம் எது?" என்று மணியம்மாள் கேட்டுவிட்டார். ரயில் இன்னும் கும்மிடிப்பூண்டி பிளாட்பாரத்தைக்கூடத் தாண்டவில்லை. எதிர் சீட்டு அம்மாளுக்கு இவர் யார் என்றே தெரியாது. ஆனாலும் பதில் சொன்னார். மணியம்மாள் கேட்டால் சொல்லாமல் இருக்க முடியாது. நானும் முதல் நாளே சொல்லிவிட்டுத்தான் முழித்தேன். ஜாதியை அவர் வாய்விட்டுக் கேட்பதில்லை. சாமி பேர் தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் தானாக விளங்கிவிடும்.

கல்யாணத் தரகர். சென்னை போகும் காலை ரயிலின் பெண்கள் பெட்டிதான் அவருக்கு ஆபீஸ். குள்ளமான, வாய் ஓயாத பெண்மணி. கையில் எப்போதும் ஒரு வயர்கூடை. போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். எந்த மாப்பிள்ளைக்கு என்ன சம்பளம், எந்த மாமியாருக்கு என்ன வாய் என்பது பெட்டிக்கே தெரியும். நான் அவசரமாகப் படிக்கக் கொண்டுவரும் ஆபீஸ் காகிதமெல்லாம் படிக்காமலே திரும்பிப் போனதற்கு இவர்தான் காரணம்.

தொழிலில் அவருக்கு ஒரே சட்டம். "காத்தால போனமா, பொண்ணப் பாத்தமா, வெளக்கு வெக்கறதுக்குள்ள ஊடு வந்தமான்னு இருக்கணும். அதுக்கு மேல தூரம்னா பொண்ணு குடுக்காத."

தூரத்தை அவர் ரயிலால்தான் அளப்பார். அவர் கணக்கில் செங்கல்பட்டு கிட்ட, அரக்கோணமும் கிட்ட. இதே மாவட்டத்தில் இருக்கிற பள்ளிப்பட்டுதான் தூரம், பஸ் மாறி மாறிப் போக வேண்டும். அந்தப் பேரை எடுத்தாலே அவர் முகம் மாறிவிடும். அவருடைய அக்காவை அங்கேதான் கட்டிக் கொடுத்திருந்தார்கள். பிரசவத்தில் ஆபத்து என்று சேதி வந்து, இவர் பஸ் பஸ்ஸாக மாறிப் போய் இறங்குவதற்குள் உடலை எடுத்துவிட்டார்கள். அக்காவின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

இவ்வளவு கண்டிப்பான மனுஷி ஏமாந்தது ஒரு ரயிலால். ஐதராபாத்துக்கு அதிவேக ரயில் விடப்போகிறார்கள் என்று கவரப்பேட்டைப் பக்கம் வயல்களில் அளக்க ஆள் வந்தார்கள். மூன்று கால் ஸ்டாண்டும் கையுமாக அவர்கள் நிற்பதை ஜன்னல் வழியாகப் பார்த்த மணியம்மாள், அன்றே கணக்கை மாற்றிவிட்டார். "ஐதராபாத்துக்கு ரெண்டு மூணு அவர்ல பூடலாமாம். பள்ளிப்பட்ட விடக் கிட்ட." பெட்டியே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

மகள் நர்மதா கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு செல்போன் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். ஒரே மகள், தகப்பன் இல்லை. பொன்னேரிப் பையன் ஜெகனின் வரன் வந்தது. அவனுக்கு ஐதராபாத்தில், வண்டி உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. பழைய மணியம்மாளாக இருந்தால் ஊர் பேரைக் கேட்டதுமே வேண்டாம் என்றிருப்பார். இப்போது நிச்சயமே செய்துவிட்டார், தையில் கல்யாணம்.

"ரயில் எங்கேம்மா இருக்கு?" என்று கேட்டேன்.

"அதான் கல்லு நட்டுகினு போறானே" என்றார்.

பிள்ளை பிறப்பதற்கு முன்னால் பேர் வைப்பது என்பார்கள். இவர் காதே குத்தி முடித்துவிட்டார்.

பிறகு ஒரு நாள், அளக்க வந்தவர்களில் ஒருவரை ஸ்டேஷன் டீக்கடையில் பிடித்து, "தைக்குள்ள வண்டி உட்ருவீங்களா சார்?" என்று கேட்டிருக்கிறார். அவர் பொறுமையாகத்தான் பதில் சொன்னாராம். இப்போது அளப்பதுதான் நடக்கிறது, வண்டி ஓடப் பத்து வருஷமாவது ஆகும், அதுவும் எல்லாம் ஒழுங்காக நடந்தால்.

அதற்கப்புறம் மணியம்மாள் யாரிடமும் குலதெய்வம் கேட்கவில்லை. பத்திரிகை அடிப்பதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார். "நிறுத்திடலாமா?" என்று மெல்லக் கேட்டேன்.

"அவளுக்கு அந்தப் புள்ளய ரொம்பப் புடிச்சுப்போச்சும்மா. நானே சேத்து வெச்சிட்டு நானே பிரிக்கறதா? நாளைக்கு அவளுக்கு ஒண்ணுன்னா, ராத்திரி முழுக்க நான் ரயில்ல குந்திகினு போவணும். அதுக்குள்ள..." என்று நிறுத்திக்கொண்டார்.

போன வாரம் வண்ணாரப்பேட்டையில் முகூர்த்தப் புடவை எடுக்கப் புறப்பட்டார். முகத்தில் கல்யாணக் களையே இல்லை. அனுப்பம்பட்டு தாண்டியதும் போன் அடித்தது. வழக்கம்போல ஸ்பீக்கர்.

"அத்த, ஜெகன் பேசறேன். எங்க கம்பெனி கும்மிடிப்பூண்டில ஒரு யூனிட் போடறாங்க. அந்த ரயில் வரும்னு சொல்லி இப்பவே எடம் புடிச்சிட்டாங்க. நான் மாத்திக் குடுங்கன்னு கேட்டுகினே இருந்தேன். இன்னிக்கி ஆர்டர் வந்துச்சு. தை மாசத்துலேர்ந்து எனக்கு அங்கதான் வேல."

"எங்க மாப்ள?"

"கும்மிடிப்பூண்டிலதான் அத்த. உங்க ஊட்டுலேர்ந்து ஷேர் ஆட்டோல போயிடலாம்."

வராத ரயிலை நம்பிக் கணக்குப் போட்டது மணியம்மாள் மட்டும் இல்லை போலிருக்கிறது.

"நர்மதா கைல சொல்ட்டீங்களா?"

"அவ ஷிப்டுல இருக்கா அத்த. போன உள்ள உடமாட்டாங்களே."

போனை வைத்துவிட்டு மணியம்மாள் எல்லோர் எதிரிலும் அழுதார். "வயித்துல பால வாத்துட்டாரும்மா, வயித்துல பால வாத்துட்டாரு" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்தார். எதிர் சீட்டில் இருந்த ஒரு அம்மாளும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மீஞ்சூர் வந்தது. கூடையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

"புடவை எடுக்க வேணாமா?"

"பொடவ எங்க ஓடிப்போவுது, நாளைக்கு எடுத்துக்கலாம்."

"ஷிப்டு முடிஞ்சதும் போன்லயே சொல்லிடலாமேம்மா. இதுக்காகத் திரும்பிப் போகணுமா?"

"போன்ல எதுக்கும்மா? இந்தா, பக்கத்துலதான கீறா. கம்பெனி கேட்டாண்ட போய் நின்னு நானே சொல்லிக்கிறேன்."

எங்கள் ரயில் நகர்ந்தது. கும்மிடிப்பூண்டி வண்டி நிற்கும் எதிர் பிளாட்பாரத்துக்குப் போக, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, மேம்பாலப் படிகளில் அவர் ஓடி ஏறிக்கொண்டிருந்தார்.