ரெண்டாவது கிண்ணம்

கொடைக்கானல்ல ஏரிக்கரையை விட்டு எறங்குற சந்துல ஒரு சின்ன ஜப்பான் சாப்பாட்டுக்கடை இருக்கு. நாலஞ்சு மேசை, அவ்வளவுதான். கல்யாணமான புதுசுல நானும் என் வீட்டுக்காரியும் மழைக்கு அங்க ஒதுங்கினோம். ஒதுங்கினதுக்கு ஏதாவது சாப்பிடுவோம்னு உக்காந்தவங்க, அப்புறம் அந்தக் கடையை விடவே இல்ல. மாசம் ஒருக்காப் பழனியில என் மாலைக்கடையைச் சாத்திட்டு வண்டியை எடுத்துக்கிட்டு மேல போயிருவோம். எனக்குப் பொரிச்ச சிக்கனை வெட்டி வச்சு, மேல குழம்பு ஊத்தின சோறு. அந்தக் குழம்பு லேசா இனிக்கும். வீட்டுல குழம்பு இனிச்சா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிறவன், அங்க மட்டும் தட்டை வழிச்சுத் திம்பேன். அவளுக்குத் தடித்தடியா வெள்ளை நூடுல்ஸும் ஒரு கிண்ணம் சோயா சூப்பும்.

மொதத் தடவை அந்தச் சூப்பைக் குடிச்சுட்டு, "எங்கம்மா அடுப்படி வாசம் அடிக்குதுங்க"ன்னா.

"ஜப்பான்காரன் உங்கம்மாவுக்கு என்ன முறை புள்ள, மாமனா மச்சானா?"ன்னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டே கிண்ணத்தைக் காலி பண்ணினா. அவ மேல்மலைப் பொண்ணு. இலங்கைத் தோட்டத்துல இருந்து திரும்பி வந்த குடும்பம். மாமியா எதையோ இடிச்சுத் தேங்காயில சேத்துச் சம்பல்னு வப்பாங்க. அந்தக் கவிச்சி வாடைக்கு நான் வாசல்லயே நாற்காலியைப் போட்டுக்குவேன்.

அவளுக்கு வயித்துல கட்டின்னு டாக்டர் சொன்னாரு. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமா அலைஞ்சோம். ஊசி போட்டுப் போட்டு, அரை டம்ளர் கஞ்சி எறங்கினாலே பெரிய விஷயம்னு ஆயிப்போச்சு. அடிவாரத்துல ஊருக்கெல்லாம் மாலை வித்தவன், கடையில தொங்கினதுல ஒண்ணை எடுத்து நானே போட்டுக்கிட்டது அந்தத் தையிலதான். முருகா, இவ எந்திரிச்சு ஒருவேளை நல்லாச் சாப்பிட்டாப் போதும், காவடி எடுக்கிறேன்னு வேண்டிக்கிட்டேன். பூசம் முடியிற வரைக்கும் கவிச்சி நாக்குல படக்கூடாது, பட்டா வேண்டுதல் போச்சு.

அப்பத்தான் ஒருநாள், "ஜப்பான் கடைக்குக் கூட்டிட்டுப் போறீங்களா?"ன்னு கேட்டா. வாயைத் தொறந்து சாப்பாடு கேட்டு எம்புட்டு நாளாச்சு. மாலையோட அங்க போகலாமான்னு யோசிச்சேன், ஆனாலும் கெளம்பிட்டேன். எனக்கு வெறும் சோறும் சூப்பும் சொன்னேன். சோயா சூப்தானே, நம்ம பருப்புத் தண்ணி மாதிரி, அதுல என்ன கவிச்சின்னு நெனச்சேன்.

கிண்ணத்தை வாய்க்கிட்டக் கொண்டு போறேன், குறுக்க அவ கை வந்துச்சு. "இங்க குடுங்க. எனக்குப் பத்தல."

அவ கிண்ணத்தையும் குடிச்சா, என்னோடதையும் குடிச்சா. நிறுத்தி நிறுத்தி, கடைசிச் சொட்டு வரைக்கும். எனக்குத் தலைகால் புரியல. முருகன் கண்ணைத் தொறந்துட்டான்னு தங்கச்சிக்குப் போனைப் போட்டு அங்கனயே அழுதேன். அவ என்னைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே இருந்தா.

எறங்கி வர்றப்பச் சவரிக்காடு தாண்டி வண்டியை நிப்பாட்டச் சொன்னா. குடிச்சதெல்லாம் வெளிய வந்துருச்சு. "வளைவு சுத்திருச்சுங்க"ன்னா. மலையிலயே பெறந்து வளந்தவளுக்கு எந்த வளைவு சுத்தும்? சந்தோசத்துல எனக்கு அது ஒறைக்கல.

காவடி எடுத்தேன். பங்குனி பொறக்குறதுக்குள்ள அவ போயிட்டா. முருகன்கூட எனக்கு இன்னும் பேச்சு வார்த்தை இல்ல. கடையைத் தொறக்கிறேன், விக்கிறேன், அவன் மலையை நிமிந்து பாக்கிறதில்ல.

போன வாரம் தனியா அந்தக் கடைக்குப் போனேன். சிக்கன் வேண்டியிருக்கல, சூப் மட்டும் சொன்னேன். சமைக்கிறது வில்பட்டிப் பொண்ணு. "என் வீட்டுக்காரி இதுல அவ அம்மா வாசம் அடிக்குதும்பா. அப்படி என்னம்மா போடுறீங்க?"ன்னு கேட்டேன். உள்ள போயி வெறகுச் சிலாம்பு மாதிரி ஒண்ணைக் கொண்டாந்து கையில குடுத்துச்சு. "காஞ்ச மீனுங்க சார். இதைச் சீவிப் போட்டுக் கொதிக்க வச்சாத்தான் ருசியே."

மோந்து பாத்தேன். மாமியா வீட்டு வாடை. சம்பலுக்கு இடிக்கிற மாசிக் கருவாடு.

அவளுக்கு மொத நாளே தெரியும். மாலையோட வந்த அன்னைக்குச் சொல்லியிருந்தா நான் பதறியிருப்பேன். நாளைக்கு அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, மாலையோட இங்க வந்து கிண்ணத்தைக் கையில எடுத்ததாலதான்னு காலம் பூரா நெஞ்சுல அடிச்சுக்குவேன்னு அவளுக்குத் தெரியும். அதான் பத்தலன்னு சொல்லியிருக்கா. பாவி மக, கஞ்சியே எறங்காத வயித்தை வச்சுக்கிட்டு.

இன்னொரு சூப் கொண்டாரச் சொன்னேன். எனக்கு நோய் நொடி ஒண்ணும் கெடையாது. மொதக் கிண்ணத்தைக் குடிச்சேன். ரெண்டாவது, பாதிக்கு மேல என்னால முடியல.