நான் அழித்த வளர்மதியின் ஃபோல்டர்

வளர்மதியின் ஃபோல்டரை அழித்தது நான்தான். அவள் அல்ல!

பழைய வீடுகளை அளந்து, படம் வரைந்து, பழுதுபார்த்துக் கொடுக்கும் சின்ன அலுவலகம் எங்களுடையது. காரைக்குடியில் மூன்று மேசை, கல்லல் கிளையில் இரண்டு. அங்கே சேமித்தால் இங்கே தெரியும், இங்கே அழித்தால் அங்கேயும் போய்விடும். இந்தப் பொது ஃபோல்டர்களைக் கவனிப்பது என் பொறுப்பு. ஆளுக்கொரு பாஸ்வேர்டு கொடுத்திருக்க வேண்டும்... சோம்பல்! எல்லோருக்கும் ஒன்றையே கொடுத்திருந்தேன்; யார் எதை அழித்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

செட்டிநாட்டு வீடுகளுக்கு விலாசம் உண்டு. தெரு முகவரி அல்ல, முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகள். அதையே ஃபோல்டருக்கும் பெயராக வைப்போம். பங்காளிகள் இருவருக்கு விலாசம் ஒன்றாக இருக்கும், வீடு வேறாக இருக்கும். இந்த ஊரில் பிறந்த எனக்கு இது தெரியாதா? ஆனாலும் ஒரே விலாசத்தில் இரண்டு ஃபோல்டர்களைப் பார்த்ததும், யாரோ இரண்டு தடவை போட்டுவிட்டார்கள் என்று நினைத்து ஒன்றைத் திறந்துகூடப் பாராமல் அழித்தேன். இடம் மிச்சமாகட்டும் என்று குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன். பெரிய கெட்டிக்காரன்!

அது கல்லல் கிளையில் இருந்த வளர்மதி, வெயிலில் ஏணி போட்டு ஏறி, தூண் தூணாக அளந்து வரைந்த வீடு.

மறுநாள் வீட்டுக்காரர் படம் பார்க்க வந்தார். ஒன்றுமில்லை. முதலாளி என்னையும் கூட்டிக்கொண்டு கல்லலுக்கு ஓடினார்.

"நீதானம்மா கடைசியாத் தொறந்தே? கை பட்டு அழிஞ்சிருக்கும்."

அவள் திருதிருவென விழித்தாள். "அப்படித்தான் சார் இருக்கும்... நான்தான் அழிச்சிருப்பேன்" என்றாள். செய்யாத தவற்றை ஒப்புக்கொண்டாள்! நான் பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை.

இனி கண்பார்வையில் இருக்கட்டும் என்று அவளைக் காரைக்குடிக்கு மாற்றினார்கள். எனக்குப் பக்கத்து மேசை. அந்த வீட்டை மறுபடி அளக்கப் போனபோது டேப்பின் மறுமுனையைப் பிடித்தவன் நான். வேலை முடிவதற்குள் எங்களுக்குப் பரிசம் போட்டாயிற்று. ஆமாம், இன்று அவள் என் மனைவி.

நன்றாகத்தான் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை உப்புக்கறி, ஓயாத கேலி, நிறைந்த வீடு. விருந்தாளிகளிடம் அவள் சொல்வாள்: "ஒரு ஃபோல்டரத் தொலைச்சேன், இவுக கெடைச்சாக!" எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்கிறீர்களா? இரண்டு நாள் பேசமாட்டாள், அவ்வளவுதானே... என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

போன வாரம் முதலாளி, கல்லல் கிளையை அவளே நடத்தட்டும் என்றார். அவள் வெகுநாளாக ஆசைப்பட்ட வேலை. அவளோ வீட்டுக்கு வந்து, கத்தரிக்காய் நறுக்கியபடியே சொன்னாள்:

"வேண்டாம்னுட்டேன். ஒரு ஃபோல்டரக் காப்பாத்தத் தெரியாதவள நம்பி ஒரு ஆபீச எப்படி விடுறது? நீங்க என்ன சொல்றீக?"

அழவில்லை. கோபம்கூட இல்லை. தான் அதற்கு லாயக்கில்லை என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை! ஐயோ... அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டாமா?

"உன் இஷ்டம்" என்றேன்.

மறுநாளும் அவள் பக்கத்து மேசையில் வந்து உட்கார்ந்தாள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகவே இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷமாகவே இருந்தது!

கல்லலுக்கு வேறு ஆள் தேடுகிறார்கள். அதற்கான விளம்பரத்தை நேற்று நானே எழுதிக் கொடுத்தேன்.