விங் குவில் என்னும் பெயர்

வேல்ஸ் நாட்டில் எங்கள் சிற்றூர் பிரின்மேலினில் குவிலிம் ஜோன்ஸ் என்று கூப்பிட்டால் ஐந்து பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. குழாய் வேலை செய்கிறவர் குழாய் குவில். பேக்கரிக்காரர் மகன் ரொட்டி குவில். பெயரை ஊர் கொடுக்கும். கொடுத்ததைச் சாகும்வரை சுமக்க வேண்டியதுதான் என்று நான் நினைத்திருந்தேன். அப்படியில்லை என்பது பஸ் ஓட்டும் குவிலுக்குப் பதினேழு வயதிலேயே தெரிந்துவிட்டது.

அவனும் ரொட்டி குவிலும் நானும் ஒரே வகுப்பு. அன்று அவன் பஸ் குவில் இல்லை, விங் குவில். பள்ளிக் கால்பந்து அணியின் இடது ஓரத்தில், விங் என்று சொல்கிற இடத்தில், அவன் பந்தோடு ஓடினால் கோட்டருகே குடை பிடித்து நின்றவர்கள்மேல் சேறு தெறிக்கும். திட்டிக்கொண்டே துடைத்துக்கொள்வார்கள். மறுவாரமும் அதே இடத்தில்தான் வந்து நிற்பார்கள். எதிர் ஓரத்தில் ரொட்டி குவில், ஒல்லியாக, பந்து வருமா என்று பார்த்துக்கொண்டிருப்பான்.

பதினாறு வயதில் ஒரு சனிக்கிழமை நடு ஆட்டக்காரனுக்குப் பொன்னுக்குவீங்கி. பூகோள வாத்தியார் எலிஸ்தான் பயிற்சியாளர். "கோல் போடத் தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான், நடுவுல நில்லு" என்று விங் குவிலை உள்ளே இழுத்துவிட்டு, இடது ஓரத்துக்கு ரொட்டி குவிலை அனுப்பினார். அன்று இங்கிலாந்தின் லங்காஷயரிலிருந்து ஓர் அணிக்கு ஆட்டக்காரர்களைத் தேடும் ஆள், மழைக்கோட்டு போட்டுக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் வந்திருந்தார். "இடது விங் ஆடற பையன் ஜோன்ஸ்தானே?" என்று வாசலில் நின்றவரிடம் கேட்டார். வாசல்காரர் ஆமாம் என்றார். அது பொய்யில்லை.

விங் குவில் அன்று மூன்று கோல் போட்டான். மூன்றும் இடது ஓரத்திலிருந்து ரொட்டி குவில் தூக்கிக் கொடுத்த பந்துகள். ஒவ்வொரு கோலுக்கும் மழைக்கோட்டுக்காரர் தலையசைத்தார். அவர் பார்த்துத் தலையசைத்தது கோல் போட்டவனை அல்ல, பந்து கொடுத்தவனை. அணிக்கு அழைத்துப்போனதும் அவனைத்தான்.

யாராவது ஏமாற்றியிருந்தால் விங் குவில் அவரை வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பான். வெறுக்க ஆள் கிடைக்காததால் பொறாமைப்பட்டான்.

ரொட்டி குவில் இங்கிலாந்தில் பதினான்கு சீசன் ஆடினான். நன்றாகவே ஆடினான், இதைச் சொல்ல எனக்கே பல வருடம் ஆனது. சிறுவயதில் வலது காலை நம்பியே நின்றவன், இடது காலாலும் கோட்டோரமாகப் பந்தை உருட்டிப்போகக் கற்றுக்கொண்டான். நாட்டின் சிவப்புச் சட்டை போட்டு ஆடியதற்குக் கொடுத்த வெல்வெட் தொப்பியை அவன் அம்மா எலுனெட் பேக்கரி ஜன்னலில், ரொட்டிகளுக்கு நடுவே வைத்தாள். ஆனால் எங்கள் விங் குவிலைக் கவிழ்த்தது தொப்பி அல்ல, அதற்கு முன்பே முதல் சீசனில் வந்த ஒரு பத்திரிகைப் பேட்டி. ஊரில் உங்களை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். ரொட்டி குவில், 'விங் குவில்' என்று சொல்லியிருக்கிறான்.

அந்த வாரம் எங்கள் விங் குவில் மெகன் ஆன்ட்டியின் கறிக்கடைக்கு வந்தபோது நானும் அங்கே இருந்தேன்.

"ஆன்ட்டி, கால் கிலோ பன்றிக்கறி விங் குவில்னு எழுதி எடுத்து வைங்க. சாயங்காலம் வர்றேன்."

"எந்த விங் குவில்? பேப்பர்ல வந்திருக்கானே, அவனா? அவன் எங்கயோ இருக்கான், அவனுக்கு எதுக்குடா நம்ம ஊர்க் கறி?"

"நான்தான் ஆன்ட்டி விங் குவில்."

"நீ பஸ் கம்பெனியில சேந்துட்டியாமே, உங்கம்மா சொன்னா. பஸ் குவில்னு எழுதிடறேன். குழப்பம் இருக்காது பாரு."

அவள் எழுதினாள். ஊரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தது.

முதலில் பஸ்ஸைக் கழுவினான், பிறகு ஓட்டினான். கவனமான ஓட்டுநர், அதற்குமேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஒரே ஒரு குறை. பேக்கரி எதிரே இருக்கிற நிறுத்தத்தில் அவன் பஸ்ஸை நிறுத்துவதே இல்லை. கொஞ்சம் தள்ளி, மழைத்தண்ணீர் தேங்குகிற பள்ளத்தில்தான் நிறுத்துவான். இறங்குகிறவர்கள் கணுக்கால்வரை நனைந்து அவன் பரம்பரையையே வைதுவிட்டுப் போவார்கள். சாலை சரியில்லை என்பான். எனக்கு அப்போதே காரணம் தெரியும்.

முப்பத்தொரு வயதில் ரொட்டி குவில் இடது முழங்கால் போய் ஊருக்குத் திரும்பினான். கால் மடங்காததால் கார் ஓட்ட முடியாது. மருத்துவமனைக்குப் பஸ்ஸில்தான் போக வேண்டும். எங்களிடம் இருப்பதோ ஒரு பஸ், ஒரு ஓட்டுநர். ஒரு மாதம் இருவரும் வானிலையை மட்டுமே பேசிக்கொண்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் கால்பந்து மன்றம், மைதானத்தின் இடது ஓரத்தில் பார்வையாளர்களுக்காகக் கட்டிய கூரைக்கு 'விங் குவில்' என்று பெயர் வைக்கப் பார்த்தது. உயிரோடு இருப்பவர் பெயரை வைக்கக் கமிட்டியின் ஏழு பேரும் கை தூக்க வேண்டும். முன்பு ஒருவர் பெயரை உடைமாற்றும் அறைக்கு வைத்தோம். அவர் அடுத்த மாதமே பக்கத்து ஊர் அணியில் சேர்ந்துவிட்டார். அதிலிருந்து இந்த விதி. ஏழு பேரில் நான் ஒருவன், பஸ் குவில் ஒருவன்.

கூட்டத்துக்கு முந்தின நாள் நான் ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். பஸ் வழக்கம்போல் பள்ளத்தில் நின்றது. ரொட்டி குவில் கம்பியைப் பிடித்து எழுந்தான்.

"ஏன்டா, நிறுத்தம் அங்க இருக்கு. தினமும் என்னைக் குட்டையில எறக்கி விடறியே?"

"உங்க கடை ஜன்னல்ல இருக்கற தொப்பியைப் பாக்கப் பிடிக்கல. போதுமா?"

ரொட்டி குவில் இறங்கவில்லை. "அது கெடக்கட்டும். நாளைக்குக் கை தூக்குவியா?"

"ரொட்டி குவில்னு வைக்கச் சொல்லு, ரெண்டு கையும் தூக்கறேன். அது என் பேருடா."

"உன் பேருதான். பத்து வயசுல உன்னை அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். என்னைப் பாத்தா 'ரொட்டி, வெண்ணெய் எங்கடா'ம்பானுங்க. பேப்பர்காரன் கேட்டப்போ ரொட்டின்னு சொல்ல வாய் வரல."

"திருட்டுப்பய."

"ஆமாம்."

பின்னாலிருந்து எலிஸ் வாத்தியாரின் மனைவி கத்தினாள்: "பழைய கதையை அப்பறம் பேசுங்கடா! வீட்ல அடுப்புல கஞ்சி கெடக்கு!"

ரொட்டி குவில் இறங்கினான். பஸ் கடைசி நிறுத்தத்துக்குப் போய் எல்லோரும் இறங்கியபிறகு பஸ் குவில் என் பக்கம் திரும்பினான்.

"பொறாமையாவது என்னோடதுன்னு நெனச்சிருந்தேன். அதுலயும் அவன் எனக்கு ஆறு வருஷம் முன்னாடியே ஓட ஆரம்பிச்சிருக்கான் பாத்தியா?"

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை பேக்கரி ஜன்னலில் தொப்பி இல்லை. பஸ் குவிலுக்காகத்தான் எடுத்திருக்கிறார்கள் என்று ஊருக்கே புரிந்தது. "எவ்வளவு பெரிய மனசு!" என்றாள் மெகன் ஆன்ட்டி, பஸ்ஸில் ஏறும்போதே. பஸ் குவிலைக் குத்த அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. வேகம், பெயர், தொப்பி எல்லாம் ரொட்டி குவிலுக்கு. இப்போது பெரிய மனதும் அவனுக்கே. விட்டுக்கொடுக்கவும் முதலில் ஏதாவது கையில் இருக்க வேண்டும்.

அன்று மாலை கூட்டத்தில் ஆறு கைகள் எழுந்தன. பஸ் குவில் இரண்டு கைகளையும் தேநீர்க் கோப்பையைச் சுற்றி வைத்துக்கொண்டான். தலைவர் கெஞ்சினார், பிறகு திட்டினார், கடைசியில் களைத்துப்போய்ப் பட்டப்பெயரே வேண்டாம், 'குவிலிம் ஜோன்ஸ்' என்று போட்டுவிடலாமா என்றார். பஸ் குவில் கோப்பையைக் கீழே வைத்தான். அது அவனுடைய பெயரும்தான். கை தூக்கினான்.

கூரையில் பெயர்ப்பலகை ஏறிய முதல் சனிக்கிழமையே குழாய் குவில் குடும்பத்தோடு வந்து அதன் நேர்கீழே உட்கார்ந்துகொண்டார். இடம் கேட்டவர்களிடம், "எம்பேரு போட்டிருக்கு, கண்ணு தெரியலையா?" என்றார். ரொட்டி குவில் ஓரத்தில் காலை நீட்டி உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். பஸ் குவில் எதிர்ப்பக்கம், கூரையில்லாத வலது ஓரத்தில் மழையில் நின்றான். அங்கிருந்துதான் பலகை நன்றாகத் தெரியும்.

பேக்கரி ஜன்னலில் இப்போது ரொட்டி மட்டுமே இருக்கிறது. பஸ் இன்னமும் பள்ளத்தில்தான் நிற்கிறது. ரொட்டி குவில் கேட்பதில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, இடது காலை முதலில் தண்ணீரில் வைத்து இறங்குகிறான். இடது ஓரத்தில் ஓடிய அந்தக் காலை பஸ் குவில் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருக்கிறான், கதவை மூட மறந்து.