சின்சினாட்டிக்கு எழுதிய கல்வெட்டு

லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு தமிழர் கண்ணை மூடினால், பூக்கடைக்கு அடுத்ததாக நகுலேஸ்வரிக்குத்தான் போன் போகும். முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நினைவு மலரை, யாழ்ப்பாணத்தார் கல்வெட்டு என்று சொல்லும் அந்தச் சின்னப் புத்தகத்தை, எழுதிக் கொடுப்பவள் அவள். பகலில் பள்ளிக்கூடச் சமையலறையில் ஷிப்ட். பின்னேரங்களில் மற்றவர்களின் மரணம். ஊரோடு சண்டை பிடித்தவரைக் ‘கண்டிப்பானவர்’ ஆக்குவாள். குடும்பம் சொன்னால் முதல் மனைவியையே, அவளைப் பற்றி எழுதிய பந்தியோடு, தூக்கிவிடுவாள். அட்டையில் செத்தவரின் பெயர், பின்னட்டையில் அச்சகத்தின் பெயர். எழுதியவளின் பெயர் எங்கும் இராது.

அமெரிக்காவில், சின்சினாட்டியில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடத்தும் கிறிஸ்துராஜா ஒருநாள் அவளுக்குப் போன் எடுத்தான்.

“அக்கா, எங்கட பத்தாவது ஆண்டு மலருக்கு இந்த நகரத்தின்ர கல்வி வரலாறு எழுதித் தாங்கோ. உங்கட பேரைப் பெரிசாப் போடுவம்.”

அந்த நகரம் எந்தப் பக்கம் என்றுகூடக் கேட்காமல் ஓம் என்றாள்.

கணினியில் ஆங்கிலத்தை விரல் வைத்து வாசித்தாள். எழுத உட்கார்ந்தால் கைப்பழக்கம் விடவில்லை. பொதுப் பள்ளிகளுக்குப் பிறப்பு, வளர்ப்பு, உற்றார் உறவினர் எல்லாம் வந்தன. குடியேறிய ஜெர்மன்காரர்கள் கேட்டு வாங்கிய ஜெர்மன் வகுப்புகளுக்கு முழு மரியாதை: ‘1840இல் பிறந்து, தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளைத் தாய்மொழியில் வாசிக்க வைத்து, முதலாம் உலகப் போர்க் காலத்தில் அகால மரணம் எய்தியது.’

கட்டுரை போய்ச் சேர்ந்ததும் கிறிஸ்துராஜாவின் போன் வந்தது.

“என்னக்கா, விழா மலர் கேட்டால் செத்தவீட்டுப் புத்தகம் அனுப்பியிருக்கிறியள்!”

“செத்ததைச் செத்தது எண்டுதானே தம்பி எழுத வேணும்?”

“அந்த ஜெர்மன் பந்தியை எடுங்கோ. பிள்ளையளின்ர விழாவில அபசகுனம்.”

“அப்ப என்ர பேரையும் எடுங்கோ.”

சொன்ன பிறகுதான் உறைத்தது. வாழ்நாளில் ஒருமுறை வந்த பெயர். முன்பின் தெரியாத ஜெர்மன்காரருக்காகப் போகப்போகிறது. திரும்பப் போன் எடுத்துக் கெஞ்சலாமா என்று இரண்டு தரம் யோசித்தாள். எடுக்கவில்லை. கடைசியில் கிறிஸ்துராஜாவே செய்தி அனுப்பினான்: கமிட்டி சம்மதம், பந்தியும் வரும், பேரும் வரும்.

தபாலில் மலர் வந்தது. கட்டுரைக்கு மேலே அவள் பெயர், தடித்த எழுத்தில். ஆங்கிலத்தில். கீழே கட்டுரையும் முழுக்க ஆங்கிலத்தில். உடனே போன் எடுத்தாள்.

“ஓமக்கா, தமிழில போட்டால் எங்கட பிள்ளையளுக்கு வாசிக்க ஏலாது. வகுப்பு முடிச்சுச் சேர்ட்டிபிக்கட் வாங்கினதுகளுக்கே ஏலாது. நல்லா மாத்தியிருக்கிறம், கவலைப்படாதேங்கோ.”

“நீங்கள் பத்து வருசமாய் என்னத்தைத் தம்பி படிப்பிச்சனீங்கள்?”

அவன் காரணம் அடுக்கத் தொடங்கும்போதே, மகள் சிவரூபினி மேசையிலிருந்த மலரை எடுத்து நின்றபடி வாசித்தாள். தமிழ் எழுத்துத் தெரியாமல், தாய் எழுதியதில் ஒரு வரிகூட அதுவரை வாசியாதவள்.

“அம்மா, இது நீங்களா எழுதினது? சூப்பரா இருக்கு. பாவம் அந்த ஜெர்மன் ஆக்கள். ஏன் அந்த வகுப்பை எல்லாரும் சும்மா சாக விட்டவை?”

நகுலேஸ்வரி மகளைப் பார்த்தாள். கையில் கிறிஸ்துராஜா இன்னும் “அக்கா, அக்கா” என்றுகொண்டிருந்தான்.

“பிறகு கதைக்கிறன் தம்பி.”

போனை வைத்துவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“முதல்ல இருந்து வாசி பிள்ளை. சத்தமாய். மெல்ல மெல்ல. கெதியா வாசிக்காத, எனக்கு விளங்காது.”