எதிர்த்துக் கதைக்காத பிள்ளை

ஜூன் மாதம் பிறந்தால், இத்தாலியின் பலெர்மோ நகரத்தில் நாங்கள் குடியிருக்கும் அல்பெர்கேரியா ஒழுங்கைகளில் ஒரு புதுச் சத்தம் கிளம்பும். சந்தை இரைச்சல் அல்ல, அது வருடம் முழுக்க இருப்பது. பின்னேரம் வெயில் கொஞ்சம் தணிந்ததும் எங்கள் எதிர்ப் பால்கனியில் ஓர் இளைஞன் பனியனோடு வந்து நிற்பான். கையை வீசி, முன்னும் பின்னும் நடந்து, யாரையோ ஏசுவதுபோல உரத்த குரலில் பேசுவான். அவனுடைய தாய் கதிரையில் இருந்து மடியில் போஞ்சிக்காயைப் போட்டு முறித்துக்கொண்டிருப்பார். நடுவில் தலையை நிமிர்த்தி, "நோன் ஓ கபீத்தோ" என்பார். எனக்கு விளங்கவில்லை என்று அர்த்தம். மகன் வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்குவான். இந்த வீட்டுக்கு வந்த முதல் வருடம், சொத்துப் பிரிக்கிறார்களாக்கும் என்று நினைத்தோம். அடுத்த வீட்டுச் சண்டையைப் பார்ப்பது மரியாதையில்லை என்று என் மனைவி சாந்தி ஜன்னலைச் சாத்தினாள். காற்றுக்காக ஒரு விரற்கடை திறந்துவைத்தாள். அந்த விரற்கடைக்குள்ளால் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அது சண்டையல்ல, படிப்பு. பள்ளிக்கூடத்தின் கடைசி வருடத்தில் இங்கே மத்தூரித்தா என்ற பெரிய பரீட்சை வரும். எங்கள் ஏ.எல். மாதிரி. எழுதுவது மட்டும் போதாது, பிறகு ஒருநாள் ஆசிரியர்கள் ஏழெட்டுப் பேர் வரிசையாக இருக்க, அவர்களுக்கு முன்னால் தனியே இருந்து வாயால் சொல்ல வேண்டும். அதனால் பிள்ளைகள் சுவரைப் பார்த்துப் பாடமாக்குவதில்லை. தாயோ தகப்பனோ கூட்டாளியோ, அகப்பட்டவரை இருத்திவைத்துப் பாடம் சொல்வார்கள். கேட்பவருக்கு அந்தப் பாடம் தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை. தெரியாவிட்டால் இன்னும் நல்லதாம். பல்கலைக்கழகத்துக்குப் போனாலும் இதே வாய்மொழிதான், அதனால்தான் எதிர்வீட்டு மகன் ஒவ்வொரு ஜூனிலும் பால்கனிக்கு வருகிறான்.

நான் யாழ்ப்பாணத்தில் பரீட்சை எடுத்த காலத்தில் வீட்டில் மூச்சு விடுவதற்கே அனுமதி கேட்க வேண்டும். வானொலிக்கு உறை போட்டுவிடுவார்கள். ஐயா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பார். வந்த சொந்தக்காரரை அம்மா படலையோடேயே மறித்து, "பொடியன் படிக்கிறான்" என்று அனுப்பிவிடுவார். மண்டபத்துக்குள் நுழைந்தால் நான் ஒரு சுட்டெண். விடைத்தாள் எங்கோ போகும், யாரோ திருத்துவார்கள். அவருக்கு என் முகம் தெரியாது, எனக்கு அவருடைய முகம் தெரியாது. அது நீதி என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். இங்கே திருத்துகிறவர்கள் பிள்ளையின் கண்ணைப் பார்த்துக் கேட்கிறார்கள். அதைவிட ஆச்சரியம், அந்த வாய்மொழிப் பரீட்சைக்கு யாரும் போய்ப் பின்னால் இருந்து பார்க்கலாம். கூட்டாளிகள் வருவார்கள், மாமிமார் வருவார்கள், வீதியால் போகிற ஒருவர் வெயிலுக்கு ஒதுங்க வந்தாலும் தடுக்க மாட்டார்கள். அங்கே ஊரில் இருக்கும் நீங்கள் இதை வாசித்தால், நான் ஏதோ புளுகுகிறேன் என்றுதான் நினைப்பீர்கள்.

இந்த வருடம் எங்கள் மகள் அபியின் முறை. ஒரே பிள்ளை, இங்கேயே பிறந்தவள். மத்தூரித்தா முடிந்ததும் நாங்கள் மூவரும் பிரான்சுக்குப் போவதாக முடிவாகியிருந்தது. சாந்தியின் அண்ணன் பாரிசுக்குப் பக்கத்தில் இருக்கிறார், வீடும் எனக்கு ஒரு வேலையும் பார்த்துவைத்துவிட்டார். இங்கே மொண்டெல்லோ கடற்கரையில் ஓர் உணவகத்துச் சமையலறையில் வேலை செய்கிறேன். கோடையில் நிமிரவும் நேரமிராது, குளிர் காலத்தில் கூப்பிடவே மாட்டார்கள். பலெர்மோவிலிருந்து எங்கள் சனம் இப்படித்தான் ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பிக்கொண்டிருக்கிறது. போன வருடம் அபியிடம் கேட்டோம். "ஓம் அப்பா" என்றாள். பிள்ளைக்கும் விருப்பம் என்று மச்சானுக்குச் சொல்லிவிட்டோம்.

மாசி மாதத்தில் அவளுடைய சரித்திர ஆசிரியை எங்களைக் கூப்பிட்டிருந்தார். பள்ளிக்கூடத்துக்குப் போவதென்றால் எனக்குக் கொஞ்சம் பயம். அபி நடுநிலைப் பள்ளியில் சேர்ந்த புதிதில், பணிவாக இருக்கட்டும் என்று எண்ணி, அவளுடைய வகுப்பாசிரியரிடம் நம்முடைய வழமையான வார்த்தையைச் சொன்னேன். கண்ணிரண்டையும் விட்டுவிட்டு மிச்சத்தை நீங்கள் என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள் என்று. இத்தாலிய மொழியில் நல்ல இலக்கணத்தோடுதான் சொன்னேன். அந்த மனிதர் கதிரையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பிறகு சாந்தியைத் தனியே அழைத்து, வீட்டில் எல்லாரும் சுகமா என்று மூன்று விதமாகக் கேட்டார். அன்றிலிருந்து ஆசிரியர்களுக்கு முன்னால் நான் அளந்துதான் பேசுவது.

இந்த ஆசிரியை குள்ளமான, கலகலப்பான பெண். அபி எழுதினால் பொன் எழுத்து என்றார். வாயால் கேட்டால் தரையைப் பார்க்கிறாள், இரண்டு வசனத்தோடு நிறுத்திவிடுகிறாள், தான் பிழையாக ஒன்றைச் சொன்னாலும் தலையாட்டுகிறாள் என்றார். பிறகு கேட்டார், "வீட்டில் உங்களோடு வாதாடுவாளா?"

இப்படி ஒரு கேள்விக்குத்தானே பதினெட்டு வருடம் பிள்ளை வளர்த்தோம். நான் நெஞ்சை நிமிர்த்தி, "ஒருநாளும் இல்லை, ப்ரொபெஸோரெஸ்ஸா" என்றேன். "எதிர்த்து ஒரு சொல் வராது."

அவர் பாராட்டுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ நோயின் பெயரைக் கண்டுபிடித்துவிட்ட டாக்டர் மாதிரித் தலையை ஆட்டினார். "அதுதான்" என்றார். வீட்டில் இனி அவளோடு வாதாடுங்கள், அவளை வெல்லவிடுங்கள், வேறு உதவி ஒன்றும் வேண்டாம் என்றார். ரியூசனுக்கு அனுப்பச் சொன்னால் அனுப்பலாம், மூளைக்கு நல்லதென்று மீன் கொடுக்கச் சொன்னால் கொடுக்கலாம். இது என்ன மருந்து என்று எங்களுக்கு விளங்கவில்லை. திரும்பி வந்ததும் வீட்டு வாசலில் வைத்துச் சாந்தி சொன்னாள். "பிள்ளையை வாய்காட்டப் பழக்குங்கோ. பிறகு என்னட்டை வந்து அழாதையுங்கோ."

ஆனாலும் தொடங்கினேன். இரவுச் சாப்பாட்டு மேசையில், வேண்டுமென்றே ஒரு பிழையான கதையைச் சொல்வேன். "எங்கடை பல்லரோச் சந்தையிலும் பார்க்கக் கபோ சந்தையிலைதான் தக்காளி மலிவு" என்பேன். அது பொய் என்று இந்த ஊரில் நடக்கத் தெரிந்த எல்லாருக்கும் தெரியும். அபி, "ஓம் அப்பா" என்று சோற்றைப் பிசைவாள். ஒரு தகப்பன் தன்னோடு சண்டைக்கு வா என்று மகளை இழுப்பதும், மகள் வரமாட்டேன் என்று பணிவாக இருப்பதும் வெளியில் இருந்து பார்த்தால் நல்ல பகிடியாக இருந்திருக்கும்.

பூட்டு உடைந்தது, முன்பு துண்டு துண்டாகக் கிடந்த இத்தாலி ஒரே நாடான கதையில். நான் ஏதோ சும்மா, ஒன்றாய்ச் சேர்ந்ததால்தான் தெற்கில் கிடக்கிற இந்தச் சிசிலித் தீவுக்கு வாழ்வு வந்தது என்று சொல்லிவைத்தேன். அபியின் கை நின்றது.

"அப்பிடி இல்லை அப்பா."

"ஏன் இல்லை?"

"வடக்கு எழுதின சரித்திரத்தைத்தான் நீங்க சொல்லுறியள். இஞ்சை இருந்த சனத்திட்டை ஆர் கேட்டது?"

அதற்குப் பிறகு அவள் நிறுத்தவில்லை. வரி, பட்டாளம், நிலம், பட்டினி, கப்பலேறிப் போனவர்கள் என்று தமிழில் தொடங்கி, தமிழ் போதாமல் இத்தாலியனுக்குத் தாவி, இத்தாலியனும் போதாமல் சந்தைச் சிசிலியனில் வந்து நின்றாள். சோறு கையில் காய்ந்துவிட்டது. ஒரு நாட்டுக்குள் சிறிய பக்கமாக இருப்பது எப்படியிருக்கும் என்பதை என்னோடு வாதாடித்தான் நிறுவ வேண்டுமா? ஆனால் ஆசிரியை சொன்னபடி விடாமல் எதிர்த்து நின்றேன், தோற்றேன். வாழ்க்கையில் இவ்வளவு சந்தோசமாக நான் ஒருநாளும் தோற்றதில்லை. சாந்தி எழும்பிப் போய்த் தண்ணீர் எடுத்துவந்து மகளுக்கு முன்னால் வைத்தாள். "குடிச்சிட்டுக் கதை" என்றாள்.

அதன்பிறகு எங்கள் பால்கனியும் ஒழுங்கையோடு சேர்ந்துகொண்டது. வேலையில்லாத பின்னேரங்களில் நான் இருக்க, அபி நடந்து நடந்து சொல்வாள். பௌதிகமும் தத்துவமும் எனக்கு ஒன்றுதான், இரண்டும் விளங்காது. "விளங்கேல்லை" என்று சொல்வது ஒன்றே என் வேலை. அதை நான் சரியாகவே செய்தேன். எதிர்வீட்டுத் தாய் ஒருநாள் போஞ்சியோடு நின்று என்னைப் பார்த்துத் தலையசைத்தார். ஒரே தொழில் செய்கிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வது போல இருந்தது.

முதலில் அபி எங்களைப் பரீட்சைக்கு வரவே கூடாது என்றிருந்தாள். எங்களைக் கண்டால் வாய் வராதாம். வாய்மொழிப் பரீட்சையன்று காலையில் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். "அப்பா, நீங்க வாங்கோ. பின்னாலை இருங்கோ. என்ன நடந்தாலும் கதைக்கக் கூடாது, பாக்கிற ஆக்கள் வாய் திறந்தா வெளியிலை விட்டிடுவினம்." அங்கே வந்தால் அழுதுவிடுவேன் என்று சொல்லிவிட்டு, சாந்தி பெல்லெக்ரினோ மலைக்குப் போய்விட்டாள். மலைக் குகையில் இந்த ஊரின் காவல் புனிதை இருக்கிறார். எங்கள் சனம் அம்மனுக்கு வைப்பது போலவே அவருக்கும் நேர்த்தி வைக்கும்.

வகுப்பறையில் மேசைகளை லாடம் போல வளைத்துப் போட்டிருந்தார்கள். ஆசிரியர்கள் தண்ணீர்ப் போத்தல்களோடு இருந்தார்கள். நடுவில் தலைவியாக வேறு பள்ளிக்கூடத்திலிருந்து வந்த ஒரு நரைத்த பெண். பின்வரிசையில் அபியின் கூட்டாளிகளும் நானும். மகளின் முதுகு மட்டும் எனக்குத் தெரிந்தது. ஒரு புகைப்படத்தை முன்னால் வைத்து, இதிலிருந்து தொடங்கு என்றார்கள். துறைமுகம், புறப்படுகிற பழைய கப்பல், கரையில் சனம். அவளுடைய தலை தரையைப் பார்த்துக் குனிந்தது. விளங்கேல்லை என்று சொல்லிக் கொடுக்கலாமா என்று ஒரு பைத்தியக்கார யோசனைகூட வந்தது.

பிறகு அவளுடைய கைகள் எழும்பின. எங்கள் வீட்டில் மேசைக்குக் கீழே கிடந்த கைகள், சந்தையில் மீன் விற்பவனின் கைகளைப் போல விரிந்து, குவிந்து, காற்றைப் பிடித்துக் கொடுத்தன. கப்பலிலிருந்து சரித்திரத்துக்கும், அங்கிருந்து கவிதைக்கும், கப்பல் ஏன் மிதக்கிறது என்பதற்கும் போனாள். ஓர் ஆசிரியர் மறுத்தபோது, "மன்னிக்க வேண்டும், நான் அப்படி நினைக்கவில்லை" என்றாள். சரித்திர ஆசிரியை எனக்குத் தெரியும்படி புருவத்தை உயர்த்தினார். என் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை.

முடிவில், எல்லாப் பிள்ளைகளிடமும் கேட்கும் கேள்வியைத் தலைவி கேட்டார். இனி என்ன செய்யப் போகிறாய்?

அபி ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். "அம்மாவும் அப்பாவும் செப்டெம்பரில் பிரான்சுக்குப் போகிறார்கள்" என்றாள். "நானும் வருவதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் இங்கே இருக்கப் போகிறேன். பலெர்மோப் பல்கலைக்கழகத்தில் சரித்திரம் படிக்கப் போகிறேன். இதை இன்னும் அவர்களுக்குச் சொல்லவில்லை." பிறகு, திரும்பிப் பார்க்காமல், "அப்பா எனக்குப் பின்னால் இருக்கிறார். அவருக்கு இத்தாலியன் நன்றாக விளங்கும்" என்றாள்.

ஏழெட்டு ஆசிரியர்களும் என்னைப் பார்த்தார்கள். கூட்டாளிகளும் பார்த்தார்கள். என்னிடம் கேள்விகள் நெஞ்சுமுட்ட இருந்தன, ஆனால் பார்க்கிறவர்கள் கதைக்கக் கூடாது. பலெர்மோ நகரம் முழுவதிலும் நான் பதில் சொல்ல முடியாத ஒரேயோர் இடத்தை என் மகள் தேடிப் பிடித்திருந்தாள். கோபம் வந்தது, உண்மை. அதோடு சேர்ந்து ஒரு வியப்பும் வந்தது. இவ்வளவு கெட்டித்தனம் இந்தப் பிள்ளைக்கு எங்கிருந்து வந்தது?

வெளியே வந்ததும் கூட்டாளிகள் அவள் தலையில் போத்தல் தண்ணீரை ஊற்றினார்கள். நனைந்த சட்டையோடு என்னிடம் வந்தாள்.

"கோவமோ அப்பா?"

"வீட்டிலை சொல்லியிருக்கலாமே."

"வீட்டிலை சொன்னா அம்மா அழுவா. நீங்க பேசாமல் இருப்பியள். நான் திருப்பியும் ஓம் எண்டு சொல்லிப்போடுவன்."

"அம்மாட்டை ஆர் சொல்லுறது?" என்று மட்டும் கேட்டேன்.

"நீங்கதான்" என்றாள். பிறகு, பின்னேரம் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, கூட்டாளிகளோடு மொண்டெல்லோ பஸ்ஸை நோக்கி ஓடினாள். பரீட்சை முடிந்த அன்றைக்குக் கடலில் விழுவதுதான் இந்த ஊர்ப் பிள்ளைகளின் வழக்கம்.

அப்போது சாந்தி போன் எடுத்தாள். மலைக் காற்று இரைந்தது.

"என்னப்பா, பிள்ளை வாய் திறந்தவளோ?"

"ஓம். வடிவாத் திறந்தவள்."

"கும்பிட்டது வீண்போகேல்லை. அண்ணை இப்பதான் எடுத்தவர். ரிக்கற் மலிவாக் கிடக்காம், மூண்டும் போடட்டோ எண்டு கேக்கிறார். ஓம் எண்டு சொல்லட்டே?"

பள்ளிக்கூட வாசலில் இருந்து பார்த்தால் பெல்லெக்ரினோ மலை தெரியும். அதில் எங்கோ ஓரிடத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள். அந்த மலைக்குப் பின்னால்தான் மொண்டெல்லோக் கடல். பஸ் ஜன்னலில் ஈரத் தலை ஒன்று திரும்பி, என்னைத் தேடி, கண்டுபிடித்ததும் கையை அசைத்தது. இரண்டு என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை, மூன்று என்று சொல்லவும் வரவில்லை.

"இப்ப ஒண்டும் போட வேண்டாமெண்டு சொல்லு" என்றேன். "நீ அங்கையே நில். நான் வாறன்."