தலைகீழாகப் பூத்த கற்றாழை

கற்றாழையை விதை போட்டு வளர்க்கிறேன் என்று சொன்னால், ஆந்திர எல்லையில் இருக்கும் எங்கள் சத்தியவேட்டுப் பக்கம் யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள். நல்ல வேளை, எனக்கு அதற்கு முன்பே கல்யாணம் ஆகிவிட்டது. வேலியோரம் தானாகக் கிடக்கிற செடிக்கு விதை எதற்கு என்பது ஊரின் கேள்வி. பக்கக் கன்றை நட்டால் தாயைப் போலவேதான் வரும். விதையில் வந்தால் ஒன்று புள்ளியோடு, ஒன்று முள்ளோடு, ஒன்று சிவப்பாக வரும் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். விதைத்துவிட்டு விடிந்ததும் தொட்டியை எட்டிப் பார்க்கிற சக நோயாளிகளே, உங்களுக்காவது புரியும்.

கம்பெனிகள் வந்தபோது ஊரே யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு பஸ் ஏறியது. நானும் ஏறினேன். ஆள் குறைத்தபோது முதலில் இறக்கிவிடப்பட்டவனும் நான்தான். என் மனைவி கௌரியின் அண்ணன் குவைத்தில் இருக்கிறான். எனக்கும் அங்கே விசா பார்த்து வைத்தான். நான் போவதில் கௌரிக்கு இஷ்டமில்லை, எனக்கும்தான். மாந்தோப்பின் ஓரத்தில் நர்சரி போட்டு, கொஞ்சம் பொறு மச்சான் என்று நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன்.

களையெடுப்பு

செல்போனில் பார்த்து வரவழைத்த விதைகளைத் தட்டுகளில் நிரப்பிய ஆற்று மணலில் தூவி, பாலிதீன் தாள் மூடி, ஈரம் காயாமல் காத்தேன். முளைத்தது. கற்றாழை முளைக்கும்போது கற்றாழை மாதிரி இருக்காது. சன்னமாக, அசல் புல் மாதிரி இருக்கும். அதைத் தோட்ட வேலைக்கு வரும் மங்கம்மாவிடம் சொல்ல மறந்து, ஒரு கல்யாணத்துக்குத் திருப்பதி போய்விட்டேன்.

திரும்பி வந்தால் தட்டுகள் எல்லாம் துடைத்து வைத்தது போல இருந்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு மூலையில் நாலைந்து முளைகள் மட்டும் அவள் கண்ணுக்குத் தப்பியிருந்தன. மங்கம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "இன்னாப்பா நீ, விதை போட்டேன்னு சொல்லிக்கினு புல்லை வளத்து வெச்சிகீற? நான் பாத்தேனோ, நீ பொயச்ச!"

வெண்டைக்காய் சோதனை

மறுபடி விதைத்து, மறுபடி வளர்த்து, ஒரு வரிசை விற்பனைக்குத் தயாரானது. திருப்பதி தரிசனம் முடித்துச் சென்னைக்குத் திரும்பும் ஒரு குடும்பம் காரை நிறுத்தியது. அந்த அம்மாள் வரிசையாக நடந்து, வெண்டைக்காய் வாங்குகிற பழக்கத்தில் ஒவ்வொரு செடியின் நுனியையும் கட்டைவிரலால் ஒடித்துப் பார்த்து, நசுக்கிக்கொண்டே போனார். நான் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் வரிசை முடிந்திருந்தது. கடைசிச் செடியையும் நசுக்கிவிட்டுச் சொன்னார்: "ஒண்ணும் ஒடியல, எல்லாமே முத்தல்ப்பா. பிஞ்சா வந்தா சொல்லு, வரேன்."

கண் படாமல் இருக்க

மங்கம்மாவிடம் தப்பிய முளைகளில் ஒன்று கரும்பச்சையில் வெள்ளைப் புள்ளியும் சிவப்பு ஓரமுமாக வளர்ந்து நின்றது. ரேணிகுண்டாவில் புதிதாக ஹோட்டல் கட்டிக்கொண்டிருந்த ஒரு தெலுங்குக்காரர் அதைப் பார்த்துவிட்டு, இது பூத்ததும் கூப்பிடுங்கள், பூவும் பிடித்தால் ஹோட்டலுக்கு வேண்டிய செடி மொத்தமும் உங்களிடம்தான் என்றார். மச்சானுக்கு ஃபோன் செய்தேன். அந்த ஆர்டர் வந்தால் நான் குவைத்துக்கு வரவில்லை, வராவிட்டால் டிக்கெட் போட்டுவிடு என்றேன்.

ஒருநாள் மொட்டுக் காம்பு எட்டிப் பார்த்தது. நான் வீடு முழுக்கக் கூத்தாடினேன். மறுநாள் சந்தைக்குப் போய்த் திரும்பினால் தொட்டி காலி. கேட்டருகே ஸ்டூல் மேல் என் அப்பா, எங்கள் பேச்சில் நைனா, நின்றிருந்தார். வேர் மேலே, இலை கீழே, மஞ்சள் குங்குமத்தோடு என் செடி கறுப்புக் கயிற்றில் தொங்கியது. அவிழ்த்து நட்டுவிடலாம் என்றால், திருஷ்டிக்குக் கட்டியதை அவிழ்க்கக் கூடாது என்று கௌரியும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டாள். இத்தனை செடி இருக்க இதுதானா கிடைத்தது என்று கத்தினேன். நைனா நிதானமாக இறங்கினார்: "அத்தினியும் பாத்தேன்டா. இருக்கறதுல இதான் ஜோரா இருந்துச்சி. திஷ்டி கழிக்கப் போயி எவனாச்சும் சொத்தையக் கட்டுவானா?"

மேலே பார்த்தவர்

மொட்டு இனி பிழைக்காது, ஹோட்டல்காரரைக் கூப்பிட்டு என்ன ஆகப் போகிறது என்று விட்டுவிட்டேன். மச்சானிடம் டிக்கெட் போடச் சொன்னேன். கோபத்தில் கேட்டின் மேல் பக்கம் நான் நிமிர்ந்தே பார்க்கவில்லை. விசாவுக்கான மெடிக்கல் டெஸ்ட்டுக்காகச் சென்னை பஸ் பிடிக்கக் கிளம்பிய காலையில், வாசலில் அந்த ஹோட்டல்காரரின் கார் நின்றது. இந்தப் பக்கம் வேறு வேலையாக வந்தவராம். மனிதர் என்னைப் பார்க்காமல் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். தலைகீழாகத் தொங்கிய செடியிலிருந்து காம்பு கொக்கி மாதிரி வளைந்து வானத்தைப் பார்த்து நிமிர்ந்திருந்தது. கொத்துக் கொத்தாக ஆரஞ்சுப் பூ. அதில் ஒரு தேன்சிட்டு. கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டேன்.

தொட்டியில் இருப்பவற்றைக் காட்டுகிறேன், உள்ளே வாருங்கள் என்றேன். அவர் நகரவே இல்லை: "தொட்டிச் செடி எல்லா நர்சரிலயும் தொரகுதுந்தி, கெடைக்குது அண்ணா. நாக்கு இதே காவாலி, எனக்கு இதுதான் வேணும். ரூமுக்கு ஒண்ணு, இதே மாதிரி தலைகீழா. ஆனா ஒரு கண்டிஷன், இதைக் கட்டின பெரியவர் யாரோ, அவரே வந்து கட்டணும்."

மண் சலித்து, விதை தூவி, வருடக்கணக்கில் காத்திருந்து வளர்க்கிறவன் நான். ஆனால் எங்கள் நர்சரியில் இப்போது கிராக்கி எல்லாம், அதைப் பிடுங்கித் தலைகீழாகக் கட்டுகிற நைனாவுக்குத்தான்.